ஊரறியக் கேட்ட கணக்குகள்

தீராத ஒரு கணக்கையோ, ஓடாத ஓர் எந்திரத்தைப் பற்றிய ஐயத்தையோ முன்பின் அறியாத பலரும் காணுமாறு எழுதிவைத்து, அவர்களுள் எவரேனும் விடை தருவார் என்று காத்திருக்கும் வழக்கம் இன்று இணையத்தில் நாள்தோறும் நிகழ்கிறது. அவ்வழக்கத்தின் விதிகளும், கேட்பவர்க்குரிய மதிப்பும், விடை சொல்பவர்க்குரிய கடமையும் கணினி தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே பஞ்சாங்கங்களிலும் வார இதழ்களிலும் நெசவாளர் கூடிய சங்க அறைகளிலும் உருப்பெற்றுவிட்டன. அவற்றுள் மிக மெதுவாக உருவானது, தனக்கு ஒன்று தெரியாது என்பதை ஒருவர் ஊரறிய ஒப்புக்கொள்ளலாம், அதனால் அவர் தாழ்ந்துவிடமாட்டார் என்னும் எண்ணம். ஐரோப்பாவில் இவ்வெண்ணம் வேரூன்ற ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின. அது சென்னைக்கு வந்து சேர்ந்த காலத்தில்தான் இராமானுசன் தம் முதல் கேள்விகளை அச்சுக்கு அனுப்பினார்.

பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியில் கணக்குக் கேட்பது போருக்கு அழைப்பதற்குச் சமமாக இருந்தது. அக்காலத்தில் முப்படிச் சமன்பாடு, அதாவது தெரியாத எண்ணின் கனம் இடம்பெறும் சமன்பாடு, பொதுவழியில் தீர்க்க முடியாததென்று பலரும் கருதியிருக்க, பொலோஞாவின் பேராசிரியர் சிப்பியோனே தெல் ஃபெர்ரோ அதன் ஒரு வகைக்கு வழி கண்டு, அதை வெளியிடாமலேயே வைத்திருந்து, 1526-இல் இறக்குமுன் தம் மாணவர் ஃபியோரிடம் ஒப்படைத்தார். ஃபியோர் 1535-இல் நிக்கோலோ தார்த்தாலியாவைப் போட்டிக்கு அழைத்தபோது இருவரும் முப்பது முப்பது கணக்குகளை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டனர். போட்டிக்காகவே அச்சமன்பாட்டின் தீர்வைத் தாமாகக் கண்டறிந்த தார்த்தாலியா, எதிரியின் முப்பதையும் தீர்த்து வென்றார். இத்தகைய போட்டிகளில் கேள்வி கேட்பவருக்கு விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பேராசிரியர் பதவியும் மாணவர் கூட்டமும் வெற்றி தோல்வியைப் பொறுத்து அமைந்ததால், அறிந்ததை மறைத்துவைப்பதே பிழைக்கும் வழியாக இருந்தது. தார்த்தாலியா தம் முறையை 1539-இல் கணக்கறிஞர் கார்தானோவிடம் இரகசியமாகச் சொன்னதும், கார்தானோ அதை 1545-இல் நூலில் வெளியிட்டதும், அதனால் எழுந்த நீண்ட பூசலும் இந்நிலையின் விளைவுகளே.

எனினும் அதே தார்த்தாலியாவிடம் முற்றிலும் வேறு வகையான கேள்விகளும் வந்துகொண்டிருந்தன. 1531-இல் வெரோனா நகரில் அவர் வாழ்ந்தபோது, அங்குள்ள கோட்டையைச் சேர்ந்த பீரங்கி வீரர் ஒருவர், குண்டு மிக நெடுந்தொலைவு செல்லப் பீரங்கியை எந்தச் சாய்வில் நிறுத்த வேண்டும் என்று கேட்டார். கிடைமட்டத்திலிருந்து 45 பாகை என்று தார்த்தாலியா விடை சொன்னார். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில் அவ்விடை சரியானதே, அவர் அதற்குக் காட்டிய காரணங்கள் பின்னாளில் நிலைக்காவிட்டாலும். அக்கேள்வியிலிருந்தே 1537-இல் வெளியான, எறிபொருள்களின் இயக்கம் பற்றிய அவரது நூல் பிறந்தது. 1546-இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூலோ பீரங்கி வீரர்கள், கட்டுமானப் பொறியாளர்கள், பிரபுக்கள் முதலியோர் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்குரிய விடைகளையும் உரையாடல் வடிவில் தொகுத்தளித்தது. இங்கே கேட்பவருக்கு விடை உண்மையாகவே தெரியாது; தெரிந்தால்தான் அவர் தொழில் நடக்கும். சோதிப்பதற்காகக் கேட்கும் கணக்கறிஞர் மரபும், தேவைக்காகக் கேட்கும் தொழிலாளர் மரபும் இவ்வாறு ஒரே மனிதரிடத்தில் அருகருகே இருந்தன. பின்வந்த வரலாறு இவ்விரண்டும் கலந்த கதை என்று கூறலாம். அதில் முந்தையதே நெடுங்காலம் உயர்ந்ததாக மதிக்கப்பட்டது.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த மாரன் மெர்சென் என்னும் துறவி, ஐரோப்பா முழுவதிலும் உள்ள அறிஞர்களுக்குக் கடிதம் எழுதி, ஒருவர் தந்த கேள்வியை மற்றொருவருக்கு அனுப்பிவைக்கும் தபால் நிலையமாகவே தம்மை ஆக்கிக்கொண்டார். பதின்ம வயதிலிருந்த ஹாலந்துக்காரர் கிறிஸ்தியான் ஹைகன்சுக்கு அவர் அனுப்பிய ஒரு கேள்வி எந்திரவியலின் போக்கையே மாற்றியது. நூலில் தொங்கும் சிறு குண்டின் ஊசலாட்டத்தைக் கணக்கிடுவது எளிது. ஆனால் தடித்த கோலோ தட்டோ ஊசலாடும்போது, அதே நேரத்தில் ஆடும் எளிய ஊசலின் நீளம் எவ்வளவாக இருக்கும் என்று மெர்சென் கேட்டார். அன்று ஹைகன்சால் விடை கூற இயலவில்லை. 1673-இல் வெளியிட்ட ஊசல் கடிகாரம் பற்றிய நூலில் அவர் அதற்கு முழுத் தீர்வு அளித்தபோது மெர்சென் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. சிறுவயதில் தம்மிடம் அக்கேள்வியைக் கேட்டவர் அவரே என்பதையும், அப்போது தம்மால் முடியாமற்போனதையும் ஹைகன்சு அந்நூலிலேயே பதிவு செய்திருக்கிறார். ஆனால் சவால் மரபும் மறையவில்லை. 1696-இல் யோகான் பெர்னூலி, ஒரு புள்ளியிலிருந்து அதற்கு நேர்கீழே அல்லாத மற்றொரு புள்ளிக்கு ஒரு பொருள் தன் எடையால் மட்டும் சறுக்கி மிகக் குறைந்த நேரத்தில் இறங்க வேண்டுமாயின் பாதை எவ்வாறு வளைந்திருக்க வேண்டும் என்று, விடையைக் கையில் வைத்துக்கொண்டே ஐரோப்பாவைக் கேட்டார். உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் சைக்ளாய்டு என்னும் வளைவே அப்பாதை. நாணயச் சாலைப் பணியிலிருந்த நியூட்டன் அதைத் தீர்த்துப் பெயரின்றி வெளியிட்டார். லைப்னிட்சும் யோகானின் அண்ணன் யாக்கோபும் தனித்தனியே தீர்த்தனர். தீர்வுகள் சிறந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் இக்கேள்வி தேர்ந்த சிலரை நோக்கி எறியப்பட்டது. பள்ளி ஆசிரியரோ சுரங்கத் தொழிலாளியோ அதில் பங்குகொள்ள இடமில்லை.

அவ்விடம் உண்டானது எவரும் எதிர்பாராத ஒரு வெளியீட்டில். கவென்ட்ரி நகரின் பள்ளி ஆசிரியர் ஜான் டிப்பர் 1704-ஆம் ஆண்டுக்கென 'லேடீஸ் டயரி' என்ற பெயரில் பெண்களுக்கான ஓர் ஆண்டுப் பஞ்சாங்கத்தைத் தொடங்கினார். திங்கள், கிரகணம், திருநாள்கள் ஆகியவற்றோடு சமையல் குறிப்புகளும் விடுகதைகளும் அதில் இருந்தன. விடுகதைகளை வாசகர்கள் விரும்பி விடுவிப்பதைக் கண்ட டிப்பர், சில ஆண்டுகளில் கணக்குகளையும் சேர்த்தார். தொடக்கத்தில் அவை செய்யுள் நடையிலேயே கேட்கப்பட்டன. ஓராண்டின் இதழில் வந்த கேள்விக்கு மறு ஆண்டின் இதழில் விடை வரும். சிறந்த விடையை அனுப்பியவரின் பெயரும், சரியாக விடையளித்த பிறரின் பெயர்களும் அச்சிடப்படும். பெண்கள் சிலரும் தம் பெயரில் விடை எழுதினர். கேள்வி கேட்டவரே பெரும்பாலும் விடையையும் அறிந்திருந்ததால் சவால் மரபின் சாயல் இதில் நீங்கவில்லை. ஆயினும் வாசகர்களாக வாய்த்தவர்கள் சிற்றூர் ஆசிரியர்கள், நிலம் அளப்போர், நெசவாளர்கள், கப்பல் மாலுமிகள். பல்கலைக்கழகத்தின் வாயிலைக் காணாத அம்மக்களுக்கு இப்பஞ்சாங்கமே பயிற்சிக் களமாயிற்று.

டிப்பர் 1713-இல் இறந்தபின் பொறுப்பேற்ற ஹென்றி பெய்ட்டன் இவ்வரலாற்றில் தனித்து நிற்கும் மனிதர். அவர் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வாரிக்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த நில அளவையாளரும் பொறியாளருமாவார். சுரங்கங்களில் ஊறும் நீரை வெளியேற்ற நியூக்கமன் அமைத்த நீராவிப் பொறி 1712-இல்தான் இயங்கத் தொடங்கியிருந்தது. உருளையான சிலிண்டரில் நீராவியை நிரப்பி, அதனுள் குளிர்நீரைத் தெளித்து நீராவியைச் சுருங்கச் செய்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் உந்துதண்டைக் கீழே தள்ள, அதனோடு பிணைந்த பெரிய உத்தரத்தின் மறுமுனை மேலெழுந்து சுரங்கத்திலிருந்து நீரை இறைக்கும். இன்ன ஆழத்திலிருந்து மணிக்கு இன்ன அளவு நீரை இறைக்க எவ்வளவு அகலமான சிலிண்டர் வேண்டும் என்பதே ஒவ்வொரு சுரங்க உடைமையாளரும் கேட்ட கேள்வி; பொறி அமைத்தவர்களோ பழக்கத்தாலும் ஊகத்தாலும் அதற்கு விடை கண்டுவந்தனர். உந்துதண்டின் பரப்பின்மேல் காற்று செலுத்தும் விசை, பம்புக் குழாயில் நிற்கும் நீர்த்தம்பத்தின் எடையை மிஞ்ச வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டு, ஆழத்துக்கும் நீரின் அளவுக்கும் ஏற்பப் பம்பின் விட்டத்தையும் சிலிண்டரின் விட்டத்தையும் காட்டும் அட்டவணை ஒன்றைப் பெய்ட்டன் கணக்கிட்டு, 1721-ஆம் ஆண்டின் 'லேடீஸ் டயரி'யில் வெளியிட்டார். ஒருவர் கேட்கும் ஒரு கேள்விக்கு விடையளிப்பதை விட்டு, அக்கேள்வியைக் கேட்கக்கூடிய எல்லாருக்கும் ஒரே முறையில் விடையளித்த முதல் எந்திரவியல் அட்டவணைகளுள் இதுவும் ஒன்று. பெண்களுக்கென்று அச்சான மலிவுப் பஞ்சாங்கத்தில் அது இடம்பெற்றது தற்செயலன்று. அதைக் காட்டிலும் பரவலாகப் படிக்கப்பட்ட கணக்கு வெளியீடு அப்போது அந்நாட்டில் இல்லை.

பஞ்சாங்கம் வளர்த்த மனிதர்களின் வாழ்க்கை அதன் பயனைக் காட்டும். தாமஸ் சிம்ப்சன் தொழிலால் நெசவாளர். இதழின் கணக்குகளை விடுவித்துப் பெயர் பெற்ற அவர் 1743-இல் வூல்விச்சின் இராணுவக் கல்விக்கூடத்தில் ஆசிரியரானார், பின்னர் இதழின் பதிப்பாசிரியராகவும் விளங்கினார். வளைகோட்டின் கீழுள்ள பரப்பைத் தோராயமாகக் காணும் விதியொன்று இன்றும் பொறியியல் மாணவர்களிடையே அவர் பெயரால் வழங்குகிறது. நியூகாசிலின் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் தாமும் சுரங்கத்தில் வேலை செய்த சார்லஸ் ஹட்டன், 1771-இல் அந்நகரத்துப் பாலம் வெள்ளத்தில் உடைந்தபோது பாலங்களின் கணிதம் பற்றி நூல் எழுதி, 1773-இல் வூல்விச்சில் பேராசிரியரானார். அவர் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் 'லேடீஸ் டயரி'யைப் பதிப்பித்தார். அதுவரை அதில் வந்திருந்த கேள்விகளையும் விடைகளையும் திரட்டி, பிழை நீக்கி, 1775-இல் தனித் தொகுதிகளாகவும் வெளியிட்டார். சிதறிக் கிடந்த விடைகளைச் சலித்தெடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த இப்பணி, அவர் தீர்த்த எந்தக் கணக்கையும்விட மேலானது.

லண்டனின் கிழக்குப் பகுதியான ஸ்பிட்டல்ஃபீல்ட்சில் 1717-இல் தோன்றிய கணிதச் சங்கத்தில் பட்டு நெசவாளர்களும் கைத்தொழிலாளர்களும் உறுப்பினராக இருந்தனர். கணக்கிலோ இயற்கை அறிவியலிலோ ஓர் உறுப்பினர் ஐயம் கேட்டால், கேட்கப்பட்டவர் தமக்கு இயன்றவரை எளிமையாக விளக்கிக் கற்பிக்கக் கடமைப்பட்டவர் என்பது அச்சங்கத்தின் விதிகளுள் ஒன்று. கேட்பதை உரிமையாகவும் விடையளிப்பதைக் கடமையாகவும் எழுதிவைத்த இவ்விதியை, பொதுவெளியில் கேட்கும் வழக்கத்தின் முதல் சட்டமாகக் கருதலாம். 1845-இல் அச்சங்கம் வானியல் கழகத்தோடு இணைந்து மறைந்தது.

தொழிற்சாலைகள் பெருகியபின் தேவைக்காகக் கேட்கும் மரபுக்கு அதற்கென்றே இதழ்கள் கிடைத்தன. ஜோசப் ராபர்ட்சன் 1823 ஆகஸ்டில் லண்டனில் தொடங்கிய 'மெக்கானிக்ஸ் மேகசின்' என்னும் வார இதழின் விலை மூன்று பென்னி. பட்டறைத் தொழிலாளி வாங்கக்கூடிய விலை. முகப்பில் ஏதேனும் ஓர் எந்திரத்தின் மரச்செதுக்குப் படமும், உள்ளே வாசகர் கேள்விகளும் அவற்றுக்கு வாசகர்களே எழுதிய விடைகளும் இருந்தன. தொழிலாளர்களுக்கென ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்று அவ்வாண்டு அக்டோபரில் அவ்விதழ் எழுதியதன் பயனாக லண்டன் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூஷன் பிறந்தது. இன்றைய பர்க்பெக் கல்லூரி அதன் வழிவந்ததே. 1865-இல் தோன்றிய 'இங்கிலிஷ் மெக்கானிக்' இம்முறையை மேலும் செம்மைப்படுத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை எண் இட்டு, விடை எழுதுவோர் அவ்வெண்ணைக் குறிப்பிடுமாறு செய்தது. கேட்பவர்களும் விடையளிப்பவர்களும் பெரும்பாலும் புனைபெயரில் எழுதினர். இப்புனைபெயர் சிறிய ஏற்பாடு போலத் தோன்றினாலும் பெரிய விடுதலை: கடைசல் எந்திரத்தின் பற்சக்கர விகிதத்தைக் கணக்கிடத் தெரியாத கடைசலாளர், தம் மேற்பார்வையாளர் அறிவாரோ என்ற அச்சமின்றிக் கேட்க முடிந்தது. சவால் மரபில் கேட்பவரின் பெயர்தான் கேள்வியின் எடை. இங்கே பெயர் விலகியதும் கேள்வி மட்டும் நின்றது.

கணக்கைக் கேட்பதற்கும் எந்திரத்தைப் பற்றிக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடும் இவ்விதழ்களில்தான் தெளிவாக வெளிப்பட்டது. கணக்குக் கேள்வி பொதுவாகத் தன்னளவில் முழுமையானது; அதன் நிபந்தனைகள் நான்கு வரியில் அடங்கும், அதற்கு வெளியே எதையும் அறியத் தேவையில்லை. ஒரு தண்டு ஏன் முறிந்தது என்பதற்கு விடை கூறவோ, தண்டின் விட்டம், அதன் உலோகம், அது தாங்கிய சுமை, சுழன்ற வேகம், தாங்கிகளுக்கிடையே உள்ள தொலைவு, முறிவு எங்கே தொடங்கியது என்பன எல்லாம் வேண்டும். கேட்பவருக்கு இவற்றுள் எவை முக்கியம் என்பதே தெரியாது என்பதுதான் அவர் கேட்பதற்குக் காரணம். எனவே எந்திரவியல் கேள்விக்கு வரும் முதல் விடை அநேகமாக மற்றொரு கேள்வியாகவே இருக்கும். படம் இன்றி விளங்காத செய்தியை அச்சில் தர மரச்செதுக்குச் செய்ய வேண்டும். அது செலவு மிக்கது. தவறான கணக்கு விடை தாளைக் கெடுப்பதோடு நின்றுவிடும். கொதிகலனின் தகட்டுப் பருமன் பற்றிய தவறான விடை உயிரைக் கொல்லும். இக்காரணங்களால் எந்திரவியல் கேள்விகள் கணக்குக் கேள்விகளைப் போல அழகிய தொகுதிகளாக நிலைபெறவில்லை. எண்ணிக்கையில் மிகுந்தும் அவை வரலாற்று நூல்களில் குறைவாகவே இடம்பெறுகின்றன. இக்குறை வரலாற்றாசிரியர்களுடையதே.

கணக்கின் பக்கத்தில் 'லேடீஸ் டயரி' 1841-இல் மற்றொரு பஞ்சாங்கத்தோடு இணைந்து 1871 வரை நீடித்தது. அவ்விணைந்த இதழின் 1850-ஆம் ஆண்டு வெளியீட்டில் தாமஸ் கர்க்மன் என்னும் பாதிரியார், பதினைந்து பள்ளிச் சிறுமியர் மும்மூவராக ஏழு நாள் நடந்து செல்லும்போது எந்த இருவரும் ஒரு முறைக்கு மேல் ஒரே வரிசையில் அமையாதவாறு எவ்வாறு நிறுத்துவது என்று கேட்டார். எளிய விளையாட்டாகத் தோன்றிய அதன் பொதுவடிவத்துக்கு இந்தியாவில் பிறந்த ராய்-சவுத்ரியும் அமெரிக்கர் வில்சனும் 1971-இல் தீர்வு வெளியிட்டனர். சீனாவின் பள்ளி ஆசிரியர் லூ ஜியாக்ஸி அதற்கு முன்பே தீர்வு கண்டிருந்தும் அது உரிய காலத்தில் அச்சேறவில்லை. ஆசிரியர்களுக்கான 'எஜுகேஷனல் டைம்ஸ்' என்னும் லண்டன் இதழின் கணக்குப் பகுதியில் கேய்லி, சில்வெஸ்டர் போன்ற பெரும் கணக்கறிஞர்களும் பள்ளி மாணவர்களும் ஒரே பக்கத்தில் எழுதினர். அதன் கேள்வி விடைகள் 1864 முதல் தனித் தொகுதிகளாகவும் வெளியாயின. 1893-இல் சில்வெஸ்டர் அதில் கேட்ட கேள்வி: ஒரே நேர்கோட்டில் அமையாத சில புள்ளிகளைத் தாளில் குறித்தால், அவற்றுள் சரியாக இரண்டை மட்டும் தொட்டுச் செல்லும் ஒரு கோடு எப்போதும் உண்டு என்று நிறுவுக. நிறைவான நிறுவல் அப்போது வரவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து 1943-இல் பால் எர்டிஷ் அதே கேள்வியை அமெரிக்கக் கணித இதழொன்றின் வினாப் பகுதியில் மீண்டும் கேட்க, மறு ஆண்டே ஹங்கேரியரான காலாய் தந்த நிறுவல் வெளியாயிற்று.

விடை அறியாமலேயே கேட்கலாம் என்பதைக் கணக்கறிஞர்களுக்கிடையே ஒரு கொள்கையாக்கிய பெருமை 1894-இல் பாரிசில் தோன்றிய 'லேந்தர்மெதியேர் தெ மாத்தெமாத்திசியான்' என்னும் இதழுக்கு உரியது. அதைத் தொடங்கிய எமீல் லெமுவான் பொறியாளராகத் தொழில் செய்தவர். உடன் தொடங்கிய லேசான் படைப் பொறியாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். தேவைக்காகக் கேட்கும் தொழிலாளர் மரபைக் கணக்கறிஞர் உலகுக்குள் கொண்டுவந்தவர்கள் பொறியியலில் ஊறியவர்களாக இருந்தது பொருத்தமே. கட்டுரைகளுக்கு இடமின்றிக் கேள்விகளும் விடைகளும் மட்டுமே கொண்ட அவ்விதழில், தம் ஆய்வில் தடைபட்டவர் அத்தடையை அப்படியே எழுதலாம். 2-ஐ n முறை பெருக்கிவரும் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்தால் மீதி n-ஆல் வகுபடுமாயின் n பகா எண்தானா என்ற பழைய ஐயம் பற்றி அதில் எழுந்த கேள்விக்கு, 1899-இல் கோர்செல்ட் என்பவர் எழுதிய சிறு விடை, இத்தகைய சோதனைகளை எந்த அடிமானம் கொண்டு செய்தாலும் ஏமாற்றக்கூடிய பகு எண்கள் எப்பண்புடையவை என்பதை வரையறுத்தது. அவ்வகை எண்களில் மிகச் சிறியது 561. அமெரிக்கர் கார்மைக்கேல் அதை 1910-இல் எடுத்துக்காட்டியதால் அவ்வெண்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. இன்று கணினிக் குறியாக்கத்துக்காகப் பெரும் பகா எண்களைத் தேடுவோர் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய அவ்விதி, ஒரு வாசகரின் ஐயத்துக்கு மற்றொரு வாசகர் எழுதிய மறுமொழியாகப் பிறந்தது.

இவ்வழக்கத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் வி. இராமசாமி ஐயர். மாணவராக இருந்தபோதே 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழுக்கு எழுதிவந்த அவரை இதழாசிரியர் பேராசிரியரென்று கருதி அவ்வாறே விளித்ததால், அப்பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்று சொல்வர். துணை கலெக்டராகப் பணியாற்றிய அவர், விலைமிக்க வெளிநாட்டு நூல்களையும் இதழ்களையும் தனியொருவர் வாங்க இயலாமையைக் கண்டு, 1907-இல் கணக்கில் ஆர்வமுடையோர் சிலரைத் திரட்டிச் சங்கமொன்றை அமைத்தார். அதுவே பின்னர் இந்தியக் கணிதக் கழகமாயிற்று. 1909-இல் தொடங்கிய அதன் இதழைப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் நாராயண ஐயங்கார் பதிப்பித்தார். தொடக்கம் முதலே அதில் கேள்விகளுக்கென ஒரு பகுதி இருந்தது.

கல்லூரிப் பட்டமோ நிலையான வேலையோ இன்றி 1910-இல் திருக்கோவிலூரில் இராமசாமி ஐயரைச் சந்தித்த இராமானுசனுக்கு அப்பகுதியே முதல் மேடை. 1911 முதல் 1919 வரை அவர் அவ்விதழில் கேட்ட கேள்விகள் 58. முதல் ஐந்தில் அவர் பெயர் 'இராமானுஜம்' என்றே அச்சாகியிருந்தது. அவற்றுள் 289-ஆம் எண்ணுள்ளது, ஒன்றனுள் ஒன்றாக முடிவின்றி அடுக்கப்பட்ட வர்க்கமூலங்களின் மதிப்பைக் கேட்டது: 1-உடன், 2-ஆல் பெருக்கிய மற்றொரு வர்க்கமூலத்தைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும், அந்த உள் வர்க்கமூலத்துக்குள் 1-உடன் 3-ஆல் பெருக்கிய வேறொன்று, அதனுள் 4-ஆல் பெருக்கியது என்று அடுக்கு தொடரும். ஆறு மாதமாகியும் எவரும் விடை அனுப்பாததால் இராமானுசனே அதன் மதிப்பு 3 என்று காட்டினார். இது சவால் மரபைச் சேர்ந்த கேள்வி. ஊர் பேர் தெரியாத இளைஞர் ஒருவர் தம் திறனை அறிமுகம் செய்துகொள்ள அதுவே வழியாக இருந்தது. ஆனால் 1913-இல் அவர் கேட்ட 469-ஆம் கேள்வி வேறு வகை. 4 வரையுள்ள எண்களின் பெருக்கத்தொகையான 24-உடன் 1-ஐக் கூட்டினால் 25 என்ற வர்க்க எண் வருகிறது. 5 வரை பெருக்கினால் 121, 7 வரை பெருக்கினால் 5041. இவையும் வர்க்க எண்களே. இப்பண்புடைய வேறு எண்கள் உண்டா என்று அவர் கேட்டார். பிரெஞ்சுக்காரரான பிரோகார் 1876-இலேயே பெல்ஜிய இதழொன்றில் இதைக் கேட்டிருந்தார். கணினிகள் மிகப் பெரிய எண்கள் வரை தேடியும் வேறொன்று கிடைக்கவில்லை. இல்லை என்று நிறுவவும் எவராலும் இயலவில்லை. அவ்வாண்டின் 464-ஆம் கேள்வி, 2-இன் அடுக்குகளிலிருந்து 7-ஐக் கழித்து வர்க்க எண் பெறும் ஐந்து இடங்களைக் காட்டி, அவ்வளவுதானா என்பதைத் தொட்டது. முப்பது ஆண்டு கழித்து நார்வேயில் லியுங்ரென் இதையே தனியாகக் கேட்க, 1948-இல் நாகெல் அவ்வளவுதான் என்று நிறுவினார்.

இராமானுசனின் வளர்ச்சியில் பொறியாளர்களுக்கு உள்ள பங்கு உரிய அளவு பேசப்படுவதில்லை. அவர் எழுத்தராக இருந்த சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். சென்னைப் பொறியியல் கல்லூரியின் கட்டடப் பொறியியல் பேராசிரியர் கிரிஃபித், 1912 நவம்பரில் லண்டனிலிருந்த தம் முன்னாள் ஆசிரியர் ஹில்லுக்கு இராமானுசனின் தாள்களை அனுப்பிக் கருத்துக் கேட்டார். முடிவிலாத் தொடர்களைக் கையாளும்போது இராமானுசன் சறுக்கிய இடங்களைச் சுட்டி, அத்தொடர்கள் பற்றிய பிராம்விச்சின் நூலைப் படிக்குமாறு ஹில் எழுதினார். 1913 சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் கணக்கறிஞர் ஹார்டிக்கு இராமானுசன் எழுதிய கடிதம் இந்த முயற்சிகளின் தொடர்ச்சியே. ஹார்டியின் மறுமொழியை வரலாறு போற்றுகிறது. அதற்கு முன் இரண்டாண்டுகளாக ஓர் இந்திய இதழின் கேள்விப் பக்கம் அவருக்குத் தந்த பயிற்சியையும் அதே அளவில் போற்ற வேண்டும்.

இதழ்களின் கேள்விப் பக்கங்கள் செய்த பணியைப் பின்னர் கணினி வலைகள் ஏற்றன. 1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் வகுத்த யூஸ்நெட் என்னும் கணினிவழிச் செய்திப் பரிமாற்றம் மறு ஆண்டு பரவத் தொடங்கியபோது, கணக்குக்கென ஒரு பிரிவு அதில் விரைவிலேயே அமைந்தது. வர்க்கமூலக் குறியையும் தொகைக் குறியையும் தட்டச்சுப் பலகையில் எழுத இயலாமை அங்கே பெருந்தடையாக இருந்தது. நூல்களை அழகாக அச்சிட டொனால்ட் கனூத் 1978-இல் உருவாக்கிய டெக் என்னும் மென்பொருளின் குறியீட்டு முறையையே பலர் கடிதங்களிலும் எழுதிப் பழக, பின்னர் அதுவே இணையத்தில் கணக்கெழுதும் பொதுமொழியாயிற்று. 1994-இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் தொடங்கிய 'ஆஸ்க் டாக்டர் மேத்' பள்ளி மாணவரின் ஐயங்களுக்குத் தன்னார்வலர் விடை எழுதும் ஏற்பாடாக இருந்தது. 2009-இல் பெர்க்லியின் ஆய்வு மாணவர்கள் தொடங்கிய 'மேத்ஓவர்ஃப்ளோ' ஆய்வாளர்கள் தம் தடைகளைக் கேட்பதற்கானது. இவற்றோடு பழைய இதழ்கள் காணாத சிக்கலும் வந்தது. ஓராண்டு காத்திருந்து விடை பெற்ற காலத்தில் வீட்டுப்பாடத்தைப் பிறரிடம் செய்வித்துக்கொள்ள எவராலும் முடியாது. விடை சில மணி நேரத்தில் கிடைக்கும்போது அது முடியும். எனவே கேட்பவர் தாம் எதுவரை முயன்றார், எங்கே தடைபட்டார் என்பதை எழுத வேண்டும் என்ற புதிய விதி தோன்றியது. எந்திரவியல் கேள்வியாயின் தண்டின் மீதோ உத்தரத்தின் மீதோ செயல்படும் எல்லா விசைகளையும் குறித்த படத்தை வரைந்து காட்டுமாறு கேட்பர். சிலர் இவ்விதியைக் கேட்பவரை விரட்டும் கண்டிப்பாகக் கருதுகின்றனர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று; முயன்று தடைபட்ட இடத்தைத் திறந்து காட்டுவது மெர்சென் காலம் முதல் நல்ல கேள்விகள் எல்லாவற்றுக்கும் உள்ள இயல்பு; அதை இவ்விதி மாணவருக்கும் கற்பிக்கிறது.

இப்புதிய ஏற்பாடுகளில் குறைவாக இருப்பது, விடைகளைச் சலித்துத் தொகுத்த ஹட்டனின் பணி போன்றது. 'ஆஸ்க் டாக்டர் மேத்' தேர்ந்த விடைகளைத் திருத்தித் தொகுத்தது; ஆனால் யூஸ்நெட்டின் பழைய கடிதங்கள் கூகுள் நிறுவனத்தின் கைக்கு 2001-இல் வந்து, இன்று வெறும் கிடங்காக நிற்கின்றன. எந்திரவியலில் நிலை இன்னும் மோசம்: நல்ல விடைகள் படங்கள் அழிந்த பக்கங்களில் சிதறிக் கிடக்க, அதே கேள்வி மீண்டும் மீண்டும் கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டின் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், தம் மாணவரும் பட்டறைக்காரரும் உண்மையாகக் கேட்ட கேள்விகளை அளவுகளோடும் படத்தோடும் சரிபார்த்த விடையோடும் ஆண்டுக்கொரு முறையேனும் தமிழில் தொகுத்து வெளியிட முன்வர வேண்டும்.